வீட்டில் பாட்டு தெளிவாகக் கேட்க: புதிய ஸ்பீக்கர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலை. மகன் வாங்கிக் கொடுத்த சிறிய புளூடூத் ஸ்பீக்கர் தொலைக்காட்சிக்குப் பின்னால் சுவர் மூலையில் இருக்கிறது. கைப்பேசியில் யூடியூப்பைத் திறந்து பழைய பாட்டு ஒன்றைப் போடுகிறார்கள். தாளம் 'டம் டம்' என்று கேட்கிறது. பாடுபவரின் சொற்கள் மட்டும் புரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுகிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் அப்பா, "அடைச்சிடுப்பா, தலை வலிக்குது" என்கிறார்.

தோட்டத்து வீட்டில் கேசட் தேயும் வரை பாட்டுக் கேட்டவர் அவர். இன்று ஆயிரக்கணக்கான பாடல்கள் கையில் இருந்தும் கேட்க மனமில்லை. இது பல வீடுகளில் நடப்பதுதான். ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைத்துப் பிள்ளைகள் அதைவிடப் பெரிய ஒன்றை வாங்கி வருகிறார்கள். சில நூறு ரிங்கிட் செலவான பிறகும் குறை அப்படியே இருக்கிறது.

குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில் மட்டும் இருப்பதில்லை. காசு செலவழிக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கிச் சில விஷயங்களைச் சரிபார்த்தால், வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே ஒலியைக் கணிசமாகத் திருத்த முடியும்.

பாட்டு காதுக்கு வந்து சேரும் பாதை

இணையம் வழி கேட்கும் பாட்டு பல படிகளைக் கடந்து வருகிறது. முதலில் அது எப்படிப் பதிவு செய்யப்பட்டது என்பது. அடுத்து, செயலி அதை எவ்வளவு சுருக்கி அனுப்புகிறது என்பது. பிறகு கைப்பேசி, அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் புளூடூத் அல்லது வயர், ஸ்பீக்கர், அது வைக்கப்பட்டிருக்கும் இடம், அறை, கடைசியாகக் கேட்பவரின் காது.

தண்ணீர்க் குழாயைப் போலத்தான் இதுவும். எந்த இடத்தில் குழாய் குறுகலாக இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். மற்ற இடங்களில் எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் பயனில்லை. எனவே எந்தப் படியில் தரம் குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

பாட்டு எங்கிருந்து வருகிறது?

யூடியூப்பில் ஒரே பாட்டு பத்து இடங்களில் இருக்கும். அவற்றில் பல, யாரோ ஒருவர் தேய்ந்த கேசட்டிலிருந்தோ பழைய வீடியோவிலிருந்தோ எடுத்துப் போட்டவை. அதை இன்னொருவர் எடுத்து மீண்டும் சுருக்கிப் போட்டிருப்பார். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் ஒலி கொஞ்சம் கெடும். இப்படி வந்த பாட்டை எத்தனை ஆயிரம் ரிங்கிட் ஸ்பீக்கரில் போட்டாலும் இழந்தது திரும்பாது.

இதற்கு எளிய தீர்வு, பாடலின் உரிமை பெற்ற நிறுவனம் வெளியிட்ட பதிவைத் தேடுவதுதான். முன்பு எச்எம்வி என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட்ட நிறுவனம் இன்று சரிகம என்ற பெயரில் இயங்குகிறது. பழைய தமிழ்த் திரைப்பாடல்கள் பலவும் அதன் வெளியீடாகக் கிடைக்கின்றன. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் ஆகியவற்றில் ஒரே பாடல் பல தொகுப்புகளில் இருந்தால், இரண்டு மூன்றைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா காலத்து 1950, 1960களின் பாடல்கள் பெரும்பாலும் மோனோ முறையில் பதிவானவை. அதாவது, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் திரைப்பாடல் தொகுப்பு என்று பலரும் குறிப்பிடுவது, சிங்கப்பூரில் பெரும்பகுதி படமாக்கப்பட்ட 'ப்ரியா'. அது வெளிவந்தது 1978இல். அதற்கு முந்தைய பாடல்களில் இடதும் வலதுமாகக் கருவிகள் பிரிந்து கேட்கவில்லை என்றால் அது உங்கள் ஸ்பீக்கரின் குறையல்ல. பதிவே அப்படித்தான். ஆனால் மோனோ பாட்டும் சொல்லுக்குச் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். அது கேட்கவில்லை என்றால்தான் வேறு எங்கோ சிக்கல்.

செயலியில் மாற்ற வேண்டியவை

பெரும்பாலான செயலிகள், டேட்டாவை மிச்சப்படுத்த ஒலித் தரத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். இதை நாம்தான் போய் மாற்ற வேண்டும்.

ஸ்பாட்டிஃபையில் செட்டிங்ஸ் பகுதிக்குள் ஒலித் தரத்துக்கான இடம் இருக்கிறது. அதில் மிகக் குறைந்த தரம் வினாடிக்கு 24 கிலோபிட், சாதாரணம் 96, உயர்ந்தது 160, மிக உயர்ந்தது 320. இந்த 320 கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும். வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று, பதிவிறக்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். யூடியூப் மியூசிக்கில் உயர்தரம் என்பது அதிகபட்சம் 256 கிலோபிட். ஆப்பிள் மியூசிக் வழக்கமாக 256 கிலோபிட்டில் அனுப்புகிறது. 2021 ஜூன் முதல் கூடுதல் கட்டணமின்றி, சுருக்கத்தால் எதையும் இழக்காத 'லாஸ்லெஸ்' தரத்தையும் தருகிறது. ஸ்பாட்டிஃபையும் 2025 செப்டம்பரிலிருந்து கட்டணப் பயனர்களுக்கு அந்தத் தரத்தைப் படிப்படியாகக் கொண்டு வரத் தொடங்கியது.

இதற்கு டேட்டா எவ்வளவு போகும் என்பது பலரின் கவலை. கணக்குப் போட்டால், 96 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் கேட்க ஏறக்குறைய 43 மெகாபைட் ஆகும். 160இல் 72 மெகாபைட், 320இல் 144 மெகாபைட். லாஸ்லெஸ் என்றால் சிடி தரத்துக்கே மணிக்குச் சுமார் 300 முதல் 400 மெகாபைட் வரை போகலாம். வீட்டில் வைஃபை இருந்தால் உயர்தரத்தை வைத்துவிடலாம். பிரிபெய்ட் டேட்டாவில் கேட்பவர்கள், வைஃபை கிடைக்கும் இடத்தில் பிடித்த பாடல்களை உயர்தரத்தில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். யூடியூப்பில் படத்தோடு பாட்டுக் கேட்பது இவற்றைவிட அதிக டேட்டாவைத் தின்னும். திரையை யாரும் பார்க்காதபோது அது வீண் செலவு.

சாதாரணத்திலிருந்து உயர்ந்த தரத்துக்கு, அதாவது 96இலிருந்து 160க்கு மாறும்போது வேறுபாடு நன்றாகவே தெரியும். 160இலிருந்து 320க்கு மாறினால், நல்ல ஹெட்போனிலோ பெரிய ஸ்பீக்கரிலோதான் தெரியும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதற்காக மட்டும் மாதச் சந்தா கட்டத் தேவையில்லை.

இன்னும் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் எல்லாப் பாடல்களையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வரும் வசதி உண்டு. அதில் 'லவுட்' என்று இருந்தால் 'நார்மல்' என்று மாற்றுங்கள். 'லவுட்' முறையில் உரத்த இடங்கள் அமுக்கப்படும். அதனால் பாட்டின் ஏற்ற இறக்கம் தட்டையாகும்.

அடுத்தது ஈக்வலைசர். பலரும் 'பேஸ் பூஸ்ட்' வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். முதலில் ஈக்வலைசரை முழுமையாக அடைத்துவிட்டுக் கேளுங்கள். கைப்பேசியில் ஒன்று, செயலியில் ஒன்று, ஸ்பீக்கரில் ஒன்று என மூன்று இடங்களில் பேஸ் கூட்டப்பட்டிருந்தால் குரல் எங்கே கேட்கும்? சரிசெய்ய வேண்டுமென்றால், தேவையானதைக் கூட்டுவதைவிடத் தொந்தரவு தருவதைக் குறைப்பதே நல்லது.

வைஃபை மெதுவாக இருந்தால் ஒலி கெடுமா?

பாட்டு விட்டு விட்டு வருகிறது, நின்று நின்று போகிறது என்றால் இணையத்தில் சிக்கல். பாட்டு நிற்காமல் வருகிறது, ஆனால் தெளிவில்லை என்றால் பெரும்பாலும் இணையம் காரணமல்ல. செயலியில் தரம் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் மட்டும், இணையம் மெதுவாகும்போது அது தானாகவே தரத்தைக் குறைக்கும். நீங்களே ஒரு தரத்தைத் தேர்வு செய்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

விலையுயர்ந்த இணைய கேபிள் போட்டால் பாட்டு இனிமையாகும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இணையத்தில் வருவது வெறும் எண்கள். அவை சரியாக வந்து சேர்ந்தால் அதே பாட்டுத்தான் கிடைக்கும். சேராவிட்டால் மறுபடியும் அனுப்பப்படும். சாதாரண கேபிளே போதும்.

புளூடூத் அடிக்கடி வெட்டுகிறதா? புளூடூத்தும் பழைய வகை வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. நெருக்கமான அடுக்குமாடிகளில் இந்த அலைவரிசை எப்போதும் கூட்டமாக இருக்கும். கைப்பேசியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றி, ஸ்பீக்கருக்கு அருகிலேயே வைத்தால் வெட்டுவது குறையும்.

புளூடூத்தா, வயரா?

புளூடூத் வசதியானது. ஆனால் அது பாட்டை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறை அதிகபட்சமாக வினாடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட் அனுப்பும். ஐபோன்கள் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டை மட்டுமே பயன்படுத்துகின்றன. சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உள்ள எல்டாக் முறை 990 கிலோபிட் வரை போகும். ஆனால் ஸ்பீக்கரிலும் அதே முறை இருந்தால்தான் பயன். எனவே சாதாரண புளூடூத் ஸ்பீக்கரில் லாஸ்லெஸ் வைத்துக் கேட்பது, பெரிய தொட்டித் தண்ணீரைச் சிறிய குழாயில் விடுவது போல.

வயர் வழியாகக் கேட்டால் இந்தச் சுருக்கம் இல்லை. கைப்பேசியில் ஹெட்போன் துளை இருந்தால் ஒரு ஆக்ஸ் வயர் போதும். துளை இல்லாத புதிய கைப்பேசிகளுக்கு யூஎஸ்பி-சி அடாப்டர் வேண்டும். வாங்கும்போது அதற்குள் 'டேக்' எனப்படும் ஒலிமாற்றிச் சில்லு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவான அடாப்டர்கள் பல கைப்பேசிகளில் வேலை செய்யாது.

கைப்பேசியின் சத்தத்தை ஏறக்குறைய முழு அளவில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் அல்லது ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதே சரியான முறை. கைப்பேசியில் குறைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் முழுதாகத் திறந்தால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் பெரிதாகும்.

வயரில் இணைத்ததும் 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால், முதலில் கைப்பேசியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் உறுமல் அத்தோடு நின்றுவிடும். உறுமலை நிறுத்துவதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைப்பது, எர்த் இல்லாத அடாப்டரில் செருகுவது போன்ற வேலைகளை மட்டும் செய்யவே கூடாது. அது உயிருக்கு ஆபத்து. அடாப்டரும் நீட்டிப்பு வயரும் சிரிம் முத்திரை உள்ளவையாக இருக்க வேண்டும்.

கரோக்கே பாடும் வீடுகளுக்கு இன்னொரு குறிப்பு. புளூடூத்தில் ஒலி ஒரு கணம் தாமதித்துத்தான் வரும். பாட்டு கேட்கும்போது அது தெரியாது. மைக்கில் பாடும்போது தாளம் பிந்துவது போல் இருக்கும். பிள்ளைகள் தேவாரப் போட்டிக்கோ பாட்டுப் போட்டிக்கோ பயிற்சி செய்யும்போது வயரையே பயன்படுத்துங்கள்.

மூலையில் கிடக்கும் பழைய செட்

1980, 1990களில் தவணை முறையில் வாங்கிய ஹைஃபை செட் இன்னும் பல வீடுகளின் ஹாலில் துணி போர்த்திக் கிடக்கிறது. அதன்மேல் குடும்பப் படமும் பூச்சாடியும் இருக்கும். கேசட் பகுதி கெட்டுப்போயிருக்கலாம். ஆம்ப்ளிஃபயரும் மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் நன்றாக இருந்தால், இன்றைய கையடக்க ஸ்பீக்கர் பலவற்றைவிட அது நன்றாகப் பாடும். பெரிய பெட்டியும் அகலமான ஒலிக்கூம்பும் தரும் இயல்பான ஒலியைச் சிறிய ஸ்பீக்கரால் தர முடியாது.

தேவைப்படுவது ஒரு வயர்தான். ஒரு முனையில் ஹெட்போன் பிளக், மறுமுனையில் சிவப்பு, வெள்ளைப் பிளக்குகள். செட்டின் பின்புறம் 'ஆக்ஸ்', 'சிடி', 'டேப்' அல்லது 'லைன் இன்' என்று எழுதியிருக்கும் துளையில் செருகுங்கள். 'ஃபோனோ' என்ற துளையில் செருகாதீர்கள். அது இசைத்தட்டுக் கருவிக்கு உரியது. அதில் கைப்பேசியை இணைத்தால் ஒலி கரகரக்கும்.

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த செட்டை உடனே சுவிட்ச் போட்டுவிடாதீர்கள். உள்ளே தூசி, பல்லி, கரப்பான் எல்லாம் இருக்கலாம். மின்சாமான் பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. பிளக்கைக் கழற்றிய பிறகும் சில பாகங்களில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பும்போது 'கரகர' என்றால் அது தூசி. சுத்தம் செய்தால் சரியாகிவிடும். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்சு வளையம் நம் நாட்டு ஈரப்பதத்தில் உதிர்ந்துபோவது வழக்கம். முழு ஸ்பீக்கரையும் தூக்கிப்போடாமல் வளையத்தை மட்டும் மாற்றலாம். சுவிட்ச் போட்டதும் கருகும் வாடை வந்தால் உடனே அடைத்துவிடுங்கள்.

இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பு வயர் சிவப்பிலும் கறுப்பு வயர் கறுப்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் தாளம் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இதைச் சோதிக்கப் பழைய மோனோ பாட்டைவிட நல்ல கருவி இல்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவே உட்கார்ந்து ஒரு பழைய பாட்டைப் போடுங்கள். பாடுபவர் சரியாக நடுவில் நிற்பது போல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

செலவே இல்லாமல் மிகப் பெரிய மாற்றம் தருவது இதுதான். ஸ்பீக்கர் சுவருக்கு அருகே இருந்தால் தாளத்தின் கனத்த ஒலி பெருகும். இரண்டு சுவர் சேரும் மூலையில் இருந்தால் இன்னும் பெருகும். பாட்டின் சொற்கள் அந்த முழக்கத்தில் மூழ்கிவிடும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுத்து, சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி வையுங்கள். அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள்.

உயரமும் முக்கியம். தெளிவைத் தரும் நுண்ணிய ஒலிகள் நேர்க்கோட்டில் போகும். தரையில் வைத்தால் அவை முழங்காலைத்தான் சேரும். உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் ஸ்பீக்கர் இருக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் என்றால், அவற்றுக்கு இடையே உள்ள தூரமும் ஒவ்வொன்றிலிருந்து நீங்கள் உட்காரும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். சின்ன ஹாலில் ஆறேழு அடி போதும்.

நம் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் டைல்ஸ் தரை, சிமெண்டுச் சுவர், கண்ணாடிக் கதவு என எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'ட்ரிங்' என்று எதிரொலி வந்தால், பாட்டிலும் ஒவ்வொரு சொல்லோடும் அந்த எதிரொலி சேர்கிறது என்று பொருள். தரையில் ஒரு கம்பளம், சன்னலுக்குக் கனமான திரைச்சீலை, துணி போட்ட சோபா, புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவை அதைக் குறைக்கும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. அது தீப்பிடிக்கவும் கூடும்.

தகரக் கூரை வீட்டில் மழை பெய்தாலோ, மின்விசிறி வேகமாக ஓடினாலோ, மெல்லிய ஒலிகள் அந்த இரைச்சலில் மறையும். அப்போது சத்தத்தைக் கூட்டுவதைவிட ஸ்பீக்கரை அருகே கொண்டு வருவதே சிறந்தது. திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கினால், ஸ்பீக்கரின் சக்தியை நான்கு மடங்காக்கியதற்குச் சமமான பலன் கிடைக்கும். வீட்டுக்குள் பலன் சற்றுக் குறைவாக இருந்தாலும், அருகில் இருந்து கேட்கும்போது எதிரொலி குறைந்து நேரடிக் குரல் அதிகமாக வரும்.

வயதானவர்கள் கேட்கும்போது

வயது கூடும்போது முதலில் குறைவது நுண்ணிய, உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, க போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த ஒலிகளில்தான் இருக்கிறது. அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்கிறார்கள். தாளத்தின் கனம் அவர்களுக்கு முன்பு போலவே கேட்கும். எனவே பேஸ் அதிகமுள்ள ஸ்பீக்கரை வாங்கிக் கொடுத்தால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

பேஸைக் குறைத்து, ஈக்வலைசரில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்றே உயர்த்திப் பாருங்கள். சொற்கள் எழுந்து வரும். ஸ்பீக்கரை அவர்கள் உட்காரும் நாற்காலிக்கு மூன்று நான்கு அடி தூரத்தில், காது உயரத்தில் வையுங்கள்.

ஒரு காது மட்டும் சரியாகக் கேட்பவர்கள் ஹெட்போனில் ஸ்டீரியோ பாட்டுக் கேட்டால், மறுபக்கம் வரும் கருவியின் ஒலி அவர்களுக்குக் கிடைக்காது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் 'அக்ஸசிபிலிட்டி' பகுதியில் 'மோனோ ஆடியோ' என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் ஒன்றாகி ஒரே காதிலும் முழுப் பாட்டும் கேட்கும்.

இவை எதுவும் உதவவில்லை என்றால் காதைப் பரிசோதிக்க வேண்டும். சில நேரம் அழுக்கு அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். கிளினிக்கில் எளிதாக எடுத்துவிடலாம். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கைப்பேசியில் தேடித் தேடிப் பாட்டுப் போடத் தெரியாத பெரியவர்களுக்கு வானொலியே சுலபம். எஃப்எம்மில் இரைச்சல் வரும் தோட்டப்புறங்களில், மின்னல் எஃப்எம்மை ஆர்டிஎம் கிளிக் செயலியிலும், ராகாவை சியோக் செயலியிலும் கேட்கலாம். சிங்கப்பூரில் ஒலி 96.8ஐ மீலிசன் செயலியில் கேட்கலாம். இரைச்சல் இருக்காது.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால் புதியது வாங்கலாம். அப்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாசார் மாலாமிலும் இணையக் கடைகளிலும் '3,000 வாட் பிஎம்பிஓ' என்றெல்லாம் இருக்கும். பிஎம்பிஓ என்பதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது. 'ஆர்எம்எஸ்' என்ற கணக்கைக் கேளுங்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும்.

கடைக்குப் போகும்போது நன்கு பழகிய மூன்று பாடல்களைக் கைப்பேசியில் பதிவிறக்கிக்கொண்டு போங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் கேட்கும். குரல் தெளிவான பழைய பாட்டு ஒன்று, கருவிகள் நிறைந்த பாட்டு ஒன்று, நாதஸ்வரம் தவில் ஒன்று போதும். ஒப்பிடும் ஸ்பீக்கர்களை ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் அதிகச் சத்தமாக ஒலிப்பதே நன்றாக இருப்பதாக நம் காது நினைத்துக்கொள்ளும். ஆக்ஸ் துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்கு வாங்குவதென்றால் அவர்களையும் அழைத்துப் போங்கள். கேட்கப் போவது அவர்கள் காது.

சத்தமும் அளவும்

தெளிவில்லாத ஒலியைத்தான் நாம் கூட்டிக்கொண்டே போகிறோம். தெளிவு வந்துவிட்டால் குறைந்த சத்தமே போதும். இது காதுக்கும் நல்லது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பது பாதுகாப்பானது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் அது 4 மணி நேரமாகக் குறைந்துவிடும். பிள்ளைகளுக்கு 75 டெசிபலே எல்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் இது நல்லது. சுவரைத் தாண்டிப் போவது பாட்டின் சொற்களல்ல, பேஸ்தான். பொதுச் சுவரை ஒட்டி ஸ்பீக்கரை வைக்காமல், அடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டு, பேஸைக் குறைத்தால் சண்டை சச்சரவு இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்க ஒரு வரிசை: முதலில் ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுத்துக் காது உயரத்தில் வையுங்கள். இரண்டாவது, பேஸ் பூஸ்ட்டை அடையுங்கள். மூன்றாவது, செயலியில் ஒலித் தரத்தை உயர்த்துங்கள். நான்காவது, அதே பாட்டின் நல்ல பதிவைத் தேடுங்கள். ஐந்தாவது, முடிந்தால் வயரில் இணையுங்கள். ஒவ்வொன்றையும் செய்த பிறகு அதே பாட்டை மறுபடியும் போட்டு, எது மாற்றம் தந்தது என்று வீட்டுப் பெரியவரையே கேளுங்கள். அடைக்கச் சொல்லாமல் அடுத்த பாட்டைக் கேட்டார் என்றால், கடைக்குப் போக வேண்டிய வேலை இல்லை.